கொய்யா இலைச் சாற்றுக்கு 15 மி.மீ. வளையம்: அதை எப்படிப் படிப்பது, எம்ஐசி எப்படிப் பார்ப்பது

கேள்வி சுருக்கமாக: உலர்ந்த கொய்யா இலைப் பொடி 10 கிராமை 100 மி.லி. எத்தனாலில் (95 சதவீதம்) மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, வடிநீரை அப்படியே அகார் குழியில் 100 மைக்ரோலிட்டர் விட்டிருக்கிறீர்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா தட்டில், குழியைச் சுற்றிக் கிருமி வளராத 15 மி.மீ. வளையம். வெறும் எத்தனால் விட்ட குழியைச் சுற்றி 12. ஈ. கோலை தட்டில் சாற்றுக்கும் எத்தனாலுக்கும் ஒரே 11. தண்ணீரில் ஊறிய சாற்றுக்கு எங்குமே வளையம் இல்லை. 5 மைக்ரோகிராம் சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து ஏற்றிய காகித வட்டுக்கு 28. மருந்தில் பாதிக்கு மேல் வேலை செய்கிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா, எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பார்க்கச் சொல்கிறார்களே அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி எழுதாதீர்கள். ஒரு கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். இலையின் எடையில் 12 சதவீதம் எத்தனாலில் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 100 மி.லி.யில் 1.2 கிராம், அதாவது ஒரு மி.லி.யில் 12 மி.கி. குழியில் விட்ட 100 மைக்ரோலிட்டரில் 1,200 மைக்ரோகிராம் சாறு. பக்கத்து வட்டில் இருந்த மருந்து 5 மைக்ரோகிராம். 240 மடங்கு கூடுதலாக வைத்துவிட்டு, அதுவும் எத்தனாலில் மிதக்கவிட்டு, இரண்டு வளையங்களையும் ஸ்கேல் வைத்து ஒப்பிடுகிறோம். அதோடு வளையத்தின் விட்டம் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. பொருள் அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதும் அதற்குள் கலந்திருக்கிறது. அகார் பெரும்பாலும் தண்ணீர். கொழுப்பில் கரையும் பொருள்கள் அதில் நகர்வதே இல்லை, குழியின் சுவரோடு நின்றுவிடும். பெர்பெரின் என்ற தாவரப் பொருள் போன்ற நேர்மின் சுமை கொண்டவை அகாரின் எதிர்மின் தொகுதிகளில் ஒட்டிக்கொள்ளும். டானின் (இலையின் துவர்ப்புப் பொருள்) வளர்ப்பு ஊடகத்திலுள்ள புரதத்தைப் பிடித்து வீழ்படிவாகிவிடும். நல்ல வீரியமுள்ள சாறு சின்ன வளையம் காட்டலாம், பலவீனமான ஆனால் நன்றாகப் பரவும் சாறு பெரிதாகக் காட்டலாம். ஆகவே ஆய்வேட்டில் மருந்தோடு ஒப்பிட்ட சதவீதப் பத்தி வேண்டாம்.

உங்கள் 15-க்கும் 12-க்கும் உள்ள 3 மி.மீ. வித்தியாசத்தைச் சாற்றின் பங்கு என்று கழித்துச் சொல்லவும் முடியாது. எத்தனாலும் சாறும் ஒரே செல் சவ்வை இரண்டு பக்கமிருந்து தாக்கும்போது விளைவு வெறுமனே கூடுவதில்லை. கரைப்பான் மட்டும் விட்ட குழியில் வளையம் வந்த தட்டு எதையும் நிரூபிக்காது. கரைப்பானை வெளியேற்றுவதுதான் ஒரே வழி.

வடிநீரை ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மிகாமல் வற்றவையுங்கள். கருவி இல்லையென்றால் முன்பே எடை பார்த்த அகலக் கண்ணாடிக் கிண்ணத்தில், புகைபோக்கிப் பெட்டிக்குள், தீச்சுடர் எதுவும் அருகில் இல்லாமல் ஆவியாக விடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் நடக்கும். 95 சதவீத எத்தனாலில் எத்தனால் முதலில் போய்விடும், கடைசியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். அதை உறைநிலை உலர்த்தியிலோ, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரிலோ நீக்குங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால்தான் உலர்ந்தது என்று பொருள். கிடைப்பது கரும்பச்சைப் பிசினாக இருக்கும், கரண்டியில் ஒட்டும், அது இயல்பு. எடையை எழுதுங்கள்: 10 கிராம் இலையிலிருந்து எத்தனை மி.கி. என்ற அந்த எண் இல்லாமல் பின்னால் வரும் எந்த அளவும் செல்லாது. சாற்றைச் சிறு கண்ணாடிப் புட்டிகளில் பிரித்து, வெளிச்சம் படாமல், மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், கரைப்பான் பிளாஸ்டிக்கிலிருந்து தாலேட்டுகளை இழுத்துக்கொண்டு வரும்.

மறுமுறை சாறு எடுக்கும்போது 95-க்குப் பதில் 70 அல்லது 80 சதவீத எத்தனாலைப் பயன்படுத்துங்கள். ஃபீனால் வகைப் பொருள்களை வெளியே இழுக்க ஓரளவு தண்ணீர் வேண்டும், செல் சுவர் ஊறி விரிய வேண்டும். ஒன்றுக்குப் பத்து என்ற விகிதமே போதும், நிழலில் உலர்த்திய இலை, சன்னமான பொடி, குலுக்கியில் 24 மணி நேரம், வடிகட்டி, அதே பொடியில் புதுக் கரைப்பான் ஊற்றி இன்னும் இரண்டு முறை. மூன்று நாள் அசையாமல் வைத்திருப்பதைவிட இது அதிகம் தரும்.

தண்ணீர்ச் சாறு வேறு கதை. இலைப்பொடியில் எப்போதும் நுண்ணுயிர்கள் உண்டு. அறை வெப்பத்தில் மூன்று நாள் தண்ணீரில் ஊறினால் அவை பெருகிச் சாற்றையே தின்று மாற்றிவிடும். புளித்த வாடை வந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. 60 டிகிரி நீரில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, உடனே குளிர்வித்து, மையவிலக்கிச் சுழற்றி, தெளிநீரை உறைநிலையில் உலர்த்துங்கள். இதற்கும் வளையம் வராமல் போகலாம். நீரில் இறங்குபவை பெரும்பாலும் சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டுகள், டானின்கள், உப்புகள், சர்க்கரைகள். சர்க்கரை ஒட்டிய இந்த வகைகளுக்கு (கிளைக்கோசைடுகள்) பல சமயம் வீரியம் குறைவு, டானின் அகாரில் நகராது. வளையம் இல்லை என்பதற்காகச் செயல் இல்லை என்று முடிவு கட்டாமல் எம்ஐசி பாருங்கள்.

எந்தக் கரைப்பான், எவ்வளவு சூடு என்பதைத் தாவரத்தின் வேதியியல்தான் தீர்மானிக்க வேண்டும். பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போது அல்லினேஸ் என்ற நொதி அல்லினை அல்லிசினாக மாற்றுகிறது. காவல்லிட்டோவும் பெய்லியும் 1944-இல் பிரித்தெடுத்த பொருள் அது. முழுப் பல்லாக வேகவைத்தால் நொதி செத்துவிடும், பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் பயனில்லை. நசுக்கிய சாற்றைக் கொதிக்கவைத்தால் அல்லிசின் சிதையும். ஒரே செடி, ஒருவர் தட்டில் பெரிய வளையம், இன்னொருவர் தட்டில் ஒன்றுமில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது எப்படி எடுத்தீர்கள் என்பதுதான்.

தட்டு முறையை முதல்கட்டத் தேர்வுக்காக வைத்துக்கொள்ள விரும்பினால், குழியைவிட வட்டு நல்லது, கரைப்பானை முன்கூட்டியே விரட்டிவிடலாம். உலர்ந்த சாறு 20 மி.கி.யை ஒரு மி.லி. மெத்தனாலில் கரைத்து, 6 மி.மீ. வெற்று வட்டில் 10 மைக்ரோலிட்டர் விட்டு, உலர்ந்தபின் இன்னொரு 10 விடுங்கள். ஒரு வட்டில் 400 மைக்ரோகிராம். கரைப்பான் மட்டும் விட்டு அதேபோல் உலர்த்திய வட்டைச் சுற்றி எதுவும் வரக் கூடாது. வளையம் இல்லாத வட்டுக்கு அட்டவணையில் 6 என்று எழுதுங்கள், அது வட்டின் விட்டம். சிலர் 0 என்றும் சிலர் 6 என்றும் போட்டுச் சராசரி எடுக்கும்போது எண்கள் குழம்புகின்றன. குழியிலேயே செய்வதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: 6 மி.மீ. குழி, 4 மி.மீ. ஆழ அகார் என்றால் கொள்ளளவு சுமார் 113 மைக்ரோலிட்டர். 100 விட்டால் விளிம்புவரை நிற்கும், தட்டை இன்குபேட்டருக்கு எடுத்துப் போகும் அசைவிலேயே வழிந்து மேற்பரப்பில் பரவும். 50 முதல் 80 போதும். குழி வெட்டும்போது அகார் அடித்தட்டிலிருந்து விலகினால் சாறு கீழே ஓடிவிடும், ஒரு சொட்டு உருகிய அகாரால் அடியை அடைத்துவிடுங்கள்.

மற்ற நிபந்தனைகள் 1966-இல் பாவர், கிர்பி குழுவினர் தரப்படுத்திய வழியிலிருந்து வந்தவை, அவற்றில் சமரசம் வேண்டாம். மியூலர் ஹின்டன் அகார், பி.எச். 7.2 முதல் 7.4, ஆழம் 4 மி.மீ. (90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி.). மெலிந்தால் வளையம் பொய்யாகப் பெரிதாகும். 18 முதல் 24 மணி நேரத் தட்டிலிருந்து எடுத்த கல்ச்சரை உப்புநீரில் 0.5 மெக்ஃபார்லேண்ட் (கலங்கலை அளக்கும் அளவுகோல்) கலங்கலுக்குக் கொண்டுவாருங்கள், 625 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.08 முதல் 0.13. இது மி.லி.க்கு 10 முதல் 20 கோடி செல்கள். 1.175 சதவீத பேரியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.5 மி.லி.யை 1 சதவீத கந்தக அமிலம் 99.5 மி.லி.யில் கலந்தால் ஒப்பிடும் கலங்கல் நீங்களே செய்துகொள்ளலாம். கலங்கல் தயாரான 15 நிமிடத்துக்குள் ஸ்வாபால் தடவ வேண்டும், அடுத்த 15 நிமிடத்துக்குள் வட்டுகள், பிறகு உடனே 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். ஒவ்வொரு தொகுதியிலும் ஏடிசிசி (அமெரிக்கக் கல்ச்சர் சேகரிப்பு) 25922 ஈ. கோலையும் 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் மருந்து வட்டும் வையுங்கள். வளையம் 19-க்கும் 26-க்கும் இடையே வர வேண்டும். ஏடிசிசி 25923 ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு 19 முதல் 27. இதற்கு வெளியே போனால் அன்றைய தட்டுகள் அத்தனையும் தள்ளுபடி, சாற்றின் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கறுப்புப் பின்புலத்தில் தட்டைக் கவிழ்த்து, வெர்னியர் வைத்து அளக்கும்போது மூன்று விதமான போலி வளையங்களைக் கண் பழக வேண்டும். முதலாவது நிறம்: இலைச் சாற்றின் பழுப்பு அகாரில் ஊறி குழியைச் சுற்றி வட்டமாகத் தெரியும், ஆனால் சாய்த்துப் பார்த்தால் அதன் மேலேயே பாக்டீரியா மெல்லிய பனிபோலப் படர்ந்திருக்கும். இரண்டாவது டானின் வீழ்படிவு: குழியை ஒட்டி வெண்மையான, தோல்போன்ற ஒரு பட்டை. அது தெளிந்த வளையமல்ல, ஊடகத்தின் புரதம் உறைந்தது. மூன்றாவது அமிலம். புளிப்பான காய், பழச் சாறுகளின் பி.எச். 3-க்கு அருகில் இருக்கும். பாக்டீரியா அந்தப் புளிப்பிலேயே வளராது. பி.எச். தாளால் தொட்டுப் பாருங்கள். 7-க்கு நடுநிலையாக்கிய சாறு ஒன்றையும், அதே பி.எச். உள்ள சிட்ரிக் அமிலக் கரைசல் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

இனி எம்ஐசி. உங்கள் வேலையில் மதிப்புள்ள எண் இதுதான், ஏனென்றால் இது மி.லி.க்கு இத்தனை மைக்ரோகிராம் என்று பேசும், வேறொரு ஆய்வகம் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடியும்.

உலர்ந்த சாற்றை டிஎம்எஸ்ஓவில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) மி.லி.க்கு 100 மி.கி. என்று கரையுங்கள். வடிகட்டிக் கிருமி நீக்குவதென்றால் 0.22 மைக்ரோமீட்டர் நைலான் அல்லது பிடிஎஃப்இ வடிகட்டி. செல்லுலோஸ் அசிடேட் வேண்டாம், டிஎம்எஸ்ஓ அதைக் கரைத்துச் சாற்றோடு கலந்துவிடும். ஆட்டோகிளேவ் செய்யவே கூடாது. இதில் 20 மைக்ரோலிட்டரை 980 மைக்ரோலிட்டர் மியூலர் ஹின்டன் திரவத்தில் விட்டுக் கலக்கினால் மி.லி.க்கு 2 மி.கி. சாறு, 2 சதவீத டிஎம்எஸ்ஓ. இந்த நொடியில் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேகம்போல் கலங்கினாலோ இழையிழையாகத் திரிந்தாலோ சாறு கரையாமல் வெளியேறுகிறது. அந்தச் செறிவில் வரும் எண் எதற்கும் உதவாது, தெளிவாக நிற்கும் செறிவிலிருந்து தொடங்குங்கள்.

96 குழித் தட்டின் ஒரு வரிசையில் 2 முதல் 11 வரை திரவ ஊடகம் 100 மைக்ரோலிட்டர், 12-இல் 200. முதல் குழியில் சாறு கலந்த திரவம் 200. முதல் குழியிலிருந்து 100 எடுத்து இரண்டாவதில், அங்கே ஏழெட்டு முறை இழுத்துவிட்டுக் கலக்கி, 100 எடுத்து மூன்றாவதில் என்று பத்தாவது வரை போய், கடைசி 100-ஐ வெளியே கொட்டுங்கள். ஒவ்வொரு குழிக்கும் புது நுனி மாட்டுங்கள். பழைய நுனியில் ஒட்டியிருக்கும் பிசின் அடுத்தடுத்த குழிகளுக்குப் பயணம் செய்து எம்ஐசியைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அடுத்து 0.5 மெக்ஃபார்லேண்ட் கலங்கல் 100 மைக்ரோலிட்டரை 9.9 மி.லி. ஊடகத்தில் விட்டால் மி.லி.க்கு சுமார் 10 லட்சம் செல்கள். அதில் 100 மைக்ரோலிட்டரை 1 முதல் 11 வரை விடுங்கள். இப்போது முதல் குழியில் மி.லி.க்கு 1,000 மைக்ரோகிராம் சாறும் 1 சதவீத டிஎம்எஸ்ஓவும், பத்தாவதில் சுமார் 2 மைக்ரோகிராம் சாறு, எல்லாவற்றிலும் மி.லி.க்கு 5 லட்சம் செல்கள். 11-வது வளர்ச்சிக் கட்டுப்பாடு, அதாவது சாறு இல்லாமல் பாக்டீரியா மட்டும் வளரும் ஒப்பீட்டுக் குழி. 12-வது கிருமியற்ற ஊடகம்.

இன்னும் மூன்று வரிசைகள் கட்டாயம்: அதே நீர்த்தலில் டிஎம்எஸ்ஓ மட்டும் ஒன்று, ஜென்டாமைசின் ஒன்று, பாக்டீரியா இல்லாமல் சாறு மட்டும் ஒன்று. ஜென்டாமைசினுக்கு ஏடிசிசி 25922-இல் 0.25 முதல் 1 மைக்ரோகிராமுக்குள் எம்ஐசி விழ வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு இங்கே 25923 அல்ல, 29213 தான் தரக்கட்டுப்பாட்டு இனம். செல் எண்ணிக்கையையும் சரிபாருங்கள்: விட்ட உடனே 11-வது குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 10 மி.லி. உப்புநீரில் கலந்து, அதில் 100 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்பினால் மறுநாள் 50 கூட்டங்கள் அளவில் வர வேண்டும். 300 வந்தால் ஆறு மடங்கு பாக்டீரியாவோடு போராடவிட்டிருக்கிறீர்கள். ஈரத்தாள் போட்ட மூடிய பெட்டியில் தட்டை வைத்து 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். ஈரம் இல்லாவிட்டால் ஓரக் குழிகள் வற்றிச் செறிவு கூடிவிடும்.

பச்சைச் சாற்றில் கலங்கலைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஒளி உறிஞ்சலும் ஏமாற்றும். எலாஃப் என்ற ஆய்வாளர் 1998-இல் தாவரச் சாறுகளுக்கென்றே வெளியிட்ட வழியில், மி.லி.க்கு 0.2 மி.கி. ஐஎன்டி சாயம் 40 மைக்ரோலிட்டர் விட்டு வெப்பத்தில் வைத்தால், உயிரோடு வளர்ந்த குழிகள் அரை மணி நேரத்தில் சிவக்கத் தொடங்கும். ரெசாசுரின் சாயம் என்றால் 0.015 சதவீதத்தில் 30 மைக்ரோலிட்டர், இரண்டு முதல் நான்கு மணி நேரம், நீலம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத கடைசிக் குழியின் செறிவே எம்ஐசி. பாக்டீரியா இல்லாத சாறு வரிசை எதற்கு என்று இப்போது புரியும்: கொய்யா இலையில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் ஏராளம், அவை உயிர் எதுவும் இல்லாமலேயே சாயத்தோடு வினைபுரிந்து நிறம் மாற்றும். அந்த வரிசையிலும் நிறம் மாறியிருந்தால் சாயத்தை நம்பாமல், ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு லூப் எடுத்து அகாரில் இழுத்துப் பாருங்கள்.

கொல்கிறதா, வெறுமனே நிறுத்துகிறதா என்பதைச் சாயம் விடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். வளர்ச்சி தெரியாத குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டரை அகாரில் நன்றாகப் பரப்புங்கள். தொடக்கத்தில் அந்த 10 மைக்ரோலிட்டரில் 5,000 செல்கள் இருந்தன. 99.9 சதவீதம் செத்திருந்தால் 5 கூட்டங்களுக்கு மேல் வராது. அப்படிக் கொல்லும் மிகக் குறைந்த செறிவு எம்பிசி. அது எம்ஐசியின் நான்கு மடங்குக்குள் இருந்தால் கொல்லும் தன்மை என்பது வழக்கு.

இதை மூன்று வெவ்வேறு நாளில், புதுக் கல்ச்சரோடு செய்யுங்கள். ஒரே நாளில் ஒரே கலங்கலில் மூன்று வரிசை வைத்தால் அது ஒரு சோதனைதான், உங்கள் பிப்பெட் எவ்வளவு சீராக இழுக்கிறது என்பதைத்தான் அது அளக்கும். முடிவுகள் ஒரு குழி முன்பின் விழுவது இந்த முறையின் இயல்பு, 250-க்கும் 500-க்கும் இடையே பெரிய வித்தியாசம் கண்டுபிடிக்காதீர்கள்.

எவ்வளவு வந்தால் நல்லது? ரியோஸ், ரெசியோ இருவரும் 2005-இல் முன்வைத்த அளவுகோலைப் பலர் ஏற்கிறார்கள்: கலப்புச் சாற்றுக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் மிகவும் கவனிக்கத்தக்கது, 1,000-க்கு மேல் என்றால் பேசவே வேண்டாம். தனிப்பொருளுக்கு இது 10-உம் 100-உம். அதனால்தான் முதல் குழியை 1,000-இல் நிறுத்தச் சொன்னேன். இலையின் பயனைச் சொல்ல எலாஃப் தந்த இன்னொரு எண்ணும் நல்லது: ஒரு கிராம் இலையில் கிடைத்த சாற்றை எம்ஐசியால் வகுங்கள். 120 மி.கி. கிடைத்து, எம்ஐசி மி.லி.க்கு 0.5 மி.கி. என்றால் 240. ஒரு கிராம் இலையின் சாற்றை 240 மி.லி. வரை நீர்த்தாலும் வளர்ச்சி நிற்கும் என்று பொருள்.

ஈ. கோலையில் எதுவும் வராமல் போனால் மனம் தளர வேண்டாம், அதை மறைக்கவும் வேண்டாம். ஈ. கோலை போன்ற கிராம் எதிர் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு கொழுப்பு நாட்டமுள்ள பொருள்களை உள்ளே விடாது. நுழைந்ததையும் ஏக்ர்ஏபி-டோல்சி போன்ற பம்புகள் வெளியே தள்ளும். ஸ்டாஃபிலோகாக்கஸில் மட்டும் வேலை செய்யும் சாறு என்பதே முழுமையான ஒரு முடிவு.

இலையின் ஹெர்பேரியம் (உலர்த்திப் பாதுகாத்த செடிகளின் சேகரிப்பு) மாதிரி எண், பறித்த மாதம், முற்றியதா இளசா என்பதையும் முறைகள் பகுதியில் எழுதுங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நோய் தரும் உயிரி. உயிரியல் பாதுகாப்பு இரண்டாம் நிலை ஆய்வகத்திலேயே கையாளுங்கள், வீட்டிலோ பள்ளி மேசையிலோ வேண்டாம். பழகிப் பார்க்க பேசில்லஸ் சப்டிலிஸ் போதும். முடிந்த தட்டுகள் 121 டிகிரியில் குறைந்தது 30 நிமிடம் ஆட்டோகிளேவ் ஆன பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.

ஏற்கெனவே எடுத்த 15, 12, 11 எண்களை அழிக்காதீர்கள். வடிநீரை நேரடியாக விட்டபோது எத்தனால் கட்டுப்பாட்டிலும் வளையம் வந்தது, ஆகவே கரைப்பான் நீக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பின்னிணைப்பில் வையுங்கள். மீதமிருக்கும் வடிநீர் இன்னும் குளிர்பெட்டியில் இருந்தால், புதிதாக ஊறவைக்கத் தொடங்குமுன் அதில் 10 மி.லி.யை எடை பார்த்த கிண்ணத்தில் வற்றவைத்து நிறுத்துப் பாருங்கள். அன்று குழியில் உண்மையில் எத்தனை மைக்ரோகிராம் விட்டீர்கள் என்பது நாளைக்கே தெரிந்துவிடும்.